கிழக்கு பார்த்த டென்ட்

அத்தியாயம் 19

சென்னிமலை காரிலிருந்து இறங்கியதும் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

பாலக்காட்டில், தன் ஊரான எலப்புள்ளிப் பக்கம் யாருடைய தோட்டத்துக்குப் போனாலும் அவர் முதலில் செய்வது இதுதான். மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். சுண்ணாம்பு ஓடுது என்பார். தென்னைக்கு ஆகும், வாழைக்கு ஆகாது என்பார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இந்த மண் அவர் தேய்ப்பதற்குள் விரலிடுக்கு வழியாக ஓடிவிட்டது. வெறும் கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அப்பா என்ன சொல்றாங்க?” மயிலாத்தாள் மகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் ஒண்ணும் சொல்லலீங்மா.”

“சொல்லாத வரைக்கும் நல்லது.”

கோயம்புத்தூரில் விமானம் ஏறுமுன் அவர் சொன்னது வனிதாவின் காதில் அப்படியே இருந்தது. பையனைப் பாத்தாச்சு, ஜாதகமும் பாத்தாச்சு, குறை சொல்றதுக்கில்ல. ஊடு பாத்துட்டுத்தான் மறுபேச்சு. மனசுக்கு ஒப்புச்சுன்னா கை நனைப்பேன். ஒப்பலைன்னா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காமத் திரும்பி வந்துருவேன். இப்பவே சொல்லிப்போட்டேன்.

கை நனைப்பது என்றால் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. பெண் வீட்டார் போய் வீட்டைப் பார்ப்பார்கள். பிடித்தால் இலையில் உட்காருவார்கள். பிடிக்கவில்லை என்றால், தோட்டத்தில் ஆள் வேலை செய்கிறது, இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

பெண் உடன் போகிற வழக்கம் கிடையாது. ஆனால் ஜோத்பூரில் இறங்கி அங்கிருந்து ஜெய்சல்மேர் தாண்டி வருகிற வழியெல்லாம் இந்தி. பெற்றவர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. வனிதா எம்.எஸ்ஸி. படித்தபோது ஹாஸ்டலில் கற்றிருந்தாள். அதனால் தான் வாழப்போகிற வீட்டைத் தானே பார்க்கப் போகிற முதல் பெண் ஆனாள். மொழிபெயர்ப்பதற்காக.

ஜோத்பூரிலிருந்து ஒரு வேலை விஷயமாகத் தனக்கு வந்த ஃபோனைப் பற்றி மட்டும் அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கௌசிக்கிடம்கூட.

கௌசிக் வேகமாக நடந்து வந்தான். வனிதாவுக்குப் பேசியிருக்கிற, கோவிந்தாபுரத்துப் பையன். கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, இந்த மணல் மேடுகளின் ஓரத்தில் பன்னிரண்டு டென்ட்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். கோவிந்தாபுரம் டெசர்ட் கேம்ப் என்று பெயர். தில்லியிலிருந்து தங்க வருபவர்கள் அது பக்கத்துக் கிராமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவனும் திருத்துவதில்லை.

“வாங்க மாமா. வாங்கத்தை. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதுங்களா?”

“இருந்துதுங் தம்பி.”

“தண்ணி குடிங்க.”

“இருக்கட்டும். கையில இருக்குது.” சென்னிமலை தோள்பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு பெரிய பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும் இருந்தன.

கௌசிக் நீட்டிய டம்ளரைத் தானே குடித்தான். பிறகுதான் வனிதாவைப் பார்த்தான். இவள் மணலைப் பார்த்தாள். நான்கு மாதமாகத் தினமும் ஃபோனில் பேசியவர்கள், நேரில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

*

ரோட்டிலிருந்து பார்த்தால் பதினோரு டென்ட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்று மட்டும் இவர்களைப் பார்த்து நின்றது. அதன் வாசலில் மாவிலைத் தோரணம். வாசலின் இரண்டு மடிப்பும் மஞ்சள் நாடாவால் கட்டப்பட்டிருந்தன.

வனிதாவுக்கு உடனே உறுத்தியது. எல்லா டென்ட்டும் மேற்கு பார்த்துத்தான் இருக்கும், சாயங்காலம் மேடு சிவக்கிறது கட்டிலில் படுத்தபடியே தெரியும் என்று கௌசிக் சொல்லியிருந்தான். வடகிழக்கிலிருந்து வருகிற காற்று அவளுடைய வலது கன்னத்தில் பட்டது. இன்னும் லேசாகத்தான் இருந்தது. அவள் கௌசிக்கைப் பார்த்தாள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

சுப்பாத்தாள் தோரணத்துக்குக் கீழே நின்றிருந்தாள். கணவன் இல்லாமல் ஒற்றை மகனை வளர்த்தவள். ஒரு வாரம் முன்பே வந்துவிட்டாள். ஈரச் சாக்கில் சுற்றிய வாழையிலைக் கட்டோடு.

“வாங்கண்ணா, வாங்கண்ணி. கெழக்குப் பாத்த வாசலுங். வலது காலை வெச்சு வாங்க.”

சென்னிமலை செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை வைத்து உள்ளே போனார். உள்ளே கட்டில், கம்பளம், ஒரு மூலையில் சாமி படம், அதற்கு முன்னால் விளக்கு. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் உள்வாங்கித் திரும்பி வந்தது.

“செவுரு?”

“கேன்வாசுங்க மாமா.”

“மழை வந்தா?”

“இங்க மழையே வராதுங்க,” என்றான் கௌசிக், நம்பிக்கையாக.

சென்னிமலை மனைவி பக்கம் திரும்பினார். “மழை வராத ஊருன்னு சந்தோசமாச் சொல்றாரு.”

மயிலாத்தாள் கம்பளத்தின் பூ வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

“பொடக்காளி எங்கீங் தம்பி?”

கௌசிக் பின்பக்கத் துணியை விலக்கினான். கொல்லைப்புறம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் மேடு எழுந்து நின்றது. மரமில்லை, செடியில்லை. யாரோ துணியை விரித்து உதறி அப்படியே நிறுத்திவிட்டது போல் இருந்தது. அதன் மேல் சின்னச் சின்ன அலைகள். வனிதா அதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறாள். படத்தில் அதற்கு இவ்வளவு அமைதி இல்லை.

“இது என்னங், குன்றா?”

“மணல் மேடுங்க மாமா.”

“இப்படியே நிக்குமா?”

கௌசிக் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “நிக்காதுங்க. கொஞ்சங் கொஞ்சமா நகரும்.”

சென்னிமலை மேட்டை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார்.

“எங்க பாட்டன் போட்ட வரப்பு போட்ட இடத்துல இருக்குது,” என்றார் பிறகு. “அதுக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரன் கூட சித்தூர்க் கோர்ட்டுக்கு நடக்கறேன். இங்க மேடே நடக்குதுங்கறீங்க.”

“டென்ட்டும் நகருங்க மாமா. பங்குனி கழிஞ்சா எல்லாத்தையும் பிரிச்சு மூட்டை கட்டிருவோம். சித்திரை வெயில்ல இங்க தங்கறதுக்கு ஆள் வராது. ஐப்பசியில மறுபடி கட்டுவோம்.”

“அப்ப சித்திரையில நீங்க எங்க இருப்பீங்க?”

“அது வந்துங்க...”

“ஏனுங்ணா, இலை போட்டாச்சு,” என்று சுப்பாத்தாள் குறுக்கே வந்தாள்.

*

இலையில் உட்காருவதற்குச் சென்னிமலை இன்னும் தலையாட்டவில்லை. ஆனால் இலை போட்டபின் நிற்பது மரியாதை இல்லை. உட்கார்ந்தார். உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை, கை வைத்தால்தான். எல்லோருக்கும் அது தெரியும்.

சமையல்காரர் மொக்கையன் ஏலப்பாறை டீ எஸ்டேட்டில் பிறந்தவர். சுப்பாத்தாள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பரிமாறினார். உப்பு, கத்திரிக்காய்ப் பொரியல், பச்சைப்பயறு கடைசல். இலை நுனியில், அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பொன்னிறமாகச் சுட்ட இரண்டு கச்சாயம்.

“அண்ணே, கச்சாயம் அம்மாவே சுட்டது. என் கையி படல,” என்றார் மொக்கையன். “அதனால பயப்படாமச் சாப்பிடலாம்.”

மயிலாத்தாள் சிரித்துவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். விடியற்காலையில் ஜோத்பூரில் இரண்டு இட்லி சாப்பிட்டவள். இட்லி என்று அங்கே சொன்னார்கள்.

வாசல் மடிப்பு ஒருமுறை படபடத்தது.

வனிதா காற்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வந்தபோது கன்னத்தில் பட்டது இப்போது முடியை இழுத்தது. வாசலுக்கு வெளியே மணல் தரையை ஒட்டிப் புகை போல ஓடி வந்தது. மூடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். சுப்பாத்தாள் அத்தை கிழக்கு வாசல், கிழக்கு வாசல் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. வந்த இடத்தில், கல்யாணம் பேசப்படுகிற பெண், வாசலை மூடச் சொல்வதா?

மஞ்சள் நாடா அறுந்தது.

காற்று உள்ளே வந்தது. வெளியே போக வழியில்லாததால் டென்ட் முழுக்கச் சுற்றியது. விளக்கு அணைந்தது. சென்னிமலையின் இலை எழுந்து நின்று, மடங்கி, பொரியலோடு அவர் மடியில் விழுந்தது. மொக்கையன் சோற்றுப் பாத்திரத்தின் மேல் குனிந்து உடம்பால் மறைத்தார். மயிலாத்தாள் முந்தானையை இலை மேல் விரித்தாள். கௌசிக் பாய்ந்து மடிப்பை இழுத்துப் பிடித்துக் கட்டினான்.

அமைதி திரும்பியபோது எல்லார் புருவத்திலும் மணல் இருந்தது. கச்சாயத்தின் மேல் சர்க்கரை தூவியது போலக் கிடந்தது.

சென்னிமலை மடியிலிருந்த இலையை எடுத்துக் கம்பளத்தில் வைத்தார். எழுந்தார்.

சுப்பாத்தாள் கையைப் பிசைந்தாள். “அண்ணா, இலை முன்னால உக்காந்துட்டு எந்திரிக்கக் கூடாதுங்.”

“நான் எந்திரிக்கல அம்மிணி. காத்து எந்திரிக்க வெச்சுது.” குரலில் கோபம் இல்லை. அதுதான் வனிதாவைப் பயமுறுத்தியது. தோட்டத்தில் ஆள் வேலை செய்கிறது என்று சொல்பவர்களின் குரலும் இப்படித்தான் இருக்கும்.

*

வெளியே அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, காற்று வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கௌசிக் பின்னாலேயே வந்தான். அவனுக்குப் பின்னால் பெண்கள் மூவரும்.

“மாமா, இது சாமான் போட்டு வெக்கிற டென்ட்டுங்க,” என்றான் கௌசிக். “மத்ததுக்கெல்லாம் அடியில சிமென்ட் போட்டிருக்குது, அசைக்க முடியாது. இதை மட்டும்தான் திருப்ப முடியும். முந்தாநாள் திருப்புனேன். தை மாசத்துல இங்க கெழக்காலயிருந்துதான் காத்து வரும்.”

“தெரிஞ்சேவா திருப்புனீங்க?”

“ஆமாங்க.”

“எதுக்கு?”

“நீங்க கெழக்கு வாசலைத்தான் பாப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க.”

சென்னிமலை சுப்பாத்தாளைப் பார்த்தார்.

“அம்மிணி, தை மாசம் கோவிந்தாபுரத்துல உங்க ஊட்டுக் கெழக்குக் கதவு எப்படி இருக்குமுங்?”

சுப்பாத்தாள் யோசித்தாள். பிறகு முகம் மாறியது. “தாப்பாள் போட்டிருக்குமுங்.”

“எங்க ஊட்டுலயும் அப்படித்தான். கணவாய்க் காத்துல தென்னை மட்டையெல்லாம் பறக்குது. மார்கழியில சாத்துனா மாசியிலதான் தொறக்கறது. பொடக்காளி வழியாத்தான் போக்குவரத்து.”

“அது பாலக்காட்டுக் காத்துங்ணா. அது இத்தனை தூரம் வந்திருக்கும்னு நான் கண்டனா?”

மயிலாத்தாள் சிரிப்பை மறைக்க முகத்தைத் துடைத்தாள். சென்னிமலை சிரிக்கவில்லை. கௌசிக் பக்கம் திரும்பினார்.

“அம்மா பேச்சைத் தட்டலைன்னா நல்லதுதான் தம்பி. ஆனா தெரிஞ்சதை வாயத் தொறந்து சொல்லியிருக்கோணும். நாளைக்கு என் மக அந்த டென்ட்டுக்குள்ள இருப்பா.”

கௌசிக் தலையைக் குனிந்தான்.

வனிதாவுக்கு அது தனக்கும் சேர்த்துச் சொன்னது போலிருந்தது. அவளும் தெரிந்தே சும்மா இருந்தாள். காரிலிருந்து இறங்கிய நிமிடத்திலிருந்து. இருவருமே வாயைத் திறக்காத வீட்டில் எது எதெல்லாம் பறக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

“திருப்பிடலாமுங்,” என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவள் வாய்விட்டுப் பேசியது டிரைவரிடம்தான், அதுவும் இந்தியில்.

“டென்ட்டை மறுபடி மேக்க திருப்பிடலாம். வெயில் எறங்கறதுக்குள்ள முடிஞ்சிரும். முடியுமுங்களா?”

கடைசிக் கேள்வி கௌசிக்கிடம். நேரில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

“முடியும்,” என்றான் அவன்.

*

கேம்ப்பில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் இருவர் வந்தார்கள். மொக்கையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டிலும் கம்பளமும் வெளியே வந்தன. சாமி படத்தைச் சுப்பாத்தாள் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சென்னிமலை கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பார்த்தார். ஆள் வேலை செய்யும்போது சும்மா நிற்பது அவருக்கு ஆகாத காரியம். “அந்தக் கயித்தை லூசு பண்ணச் சொல்லு அம்மிணி,” என்றார். வனிதா இந்தியில் சொன்னாள். “இழுக்கச் சொல்லு. இல்ல இல்ல, அக்கட்டால, அந்தப் பக்கம்.” வனிதா சொன்னாள். நான்காவது முறை அவரே போய்க் கயிற்றைப் பிடித்தார்.

டென்ட் எழுந்தது, தள்ளாடியது, மெல்லத் திரும்பியது. பெரிய மாட்டைத் திருப்பி நிறுத்துவது போலத்தான். சென்னிமலை ஒரு முளையை எடுத்து மணலில் அறைந்தார். கயிற்றைக் கட்டி இழுத்தார். முளை வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல வெளியே வந்தது. இன்னும் ஆழமாக அறைந்தார். மறுபடியும் வந்தது. எலப்புள்ளியில் அவர் அடித்த முளையைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும்.

“நிக்காதுங்க மாமா,” என்றான் கௌசிக். சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் சொன்னான். “இந்த மண்ணுல முளை நிக்காது.”

ஒரு சாக்கில் மணலை நிரப்பினான். குழி தோண்டி, சாக்கைப் படுக்க வைத்து, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மேலே மணலைத் தள்ளி மிதித்தான். “இப்ப இழுத்துப் பாருங்க.”

சென்னிமலை இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். காலை ஊன்றி இழுத்தார். கயிறு அசையவில்லை.

“மண்ணைக் கட்டறதுக்கு மண்ணையேவா பொதைக்கறீங்க?”

“வேற என்னங்க இருக்குது இங்க?”

சென்னிமலை அடுத்த சாக்கை அவர் கையாலேயே நிரப்பினார். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றையும் மிதித்த பிறகு கௌசிக்கைப் பார்த்தார். போதும் என்று அவன் தலையாட்டினால்தான் நகர்ந்தார். வனிதா இதைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் அப்பா யாரிடமும் போதுமா என்று கேட்டதில்லை.

மொழிபெயர்க்க அவளுக்கு வேலை இல்லாமல் போனது.

வியர்த்து உட்கார்ந்தபோது அவருடைய பாட்டில் காலி. மொக்கையன் ஒரு சொம்பை நீட்டினார்.

“குடிங்கண்ணே. தண்ணி குடிச்சா கல்யாணம் ஆயிருமா?”

“எங்க பக்கம் ஆயிரும்.”

“எங்க எஸ்டேட்ல பத்துப் பேரு வீட்டுத் தண்ணியக் குடிச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் நடக்கலையே.”

“உனக்கு நடக்காததுக்கு வேற காரணம் இருக்கும்,” என்றார் சென்னிமலை. சொம்பைப் பார்க்காமல் இருப்பதற்காக மேட்டைப் பார்த்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

வனிதா எழுந்து சமையல் கொட்டகைக்குப் போனாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உள்ளே அம்மா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். அரிசியும் பருப்பும் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் கரண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். மறுபடி கரண்டியை விட்டாள்.

“அண்ணி,” என்றது சுப்பாத்தாளின் குரல். சாமி படத்தை உள்ளே வைக்க வந்தவள் கதவருகே நின்றிருந்தாள்.

மயிலாத்தாள் கையைப் பின்னால் மறைத்தாள். ஐம்பது வயதுக்காரி, பிடிபட்ட குழந்தை போல.

“உப்புப் பாத்தேனுங். உப்புப் பாக்கறது கணக்குல வராது.”

“எத்தனை தடவை பாத்தீங்க?”

“ஒரே உப்பா இருக்குதான்னு ஓரத்துல ஒருதடவை, நடுவுல ஒருதடவை.” நிறுத்தினாள். “அதுக்கு முன்னால கச்சாயத்துல மண்ணு போயிருச்சான்னு ஒண்ணு. போகலீங். நல்லாத்தான் இருந்துது.”

சுப்பாத்தாள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று அவள் கண்ணில் வந்து நின்றது. சாமி படத்தை மேஜையில் வைத்துவிட்டு மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாதம் ஒட்டியிருந்த கையை.

“அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க,” என்றாள்.

வனிதா சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

*

வெயில் சாய்ந்தபோது டென்ட் மற்ற பதினொன்றோடு சேர்ந்து மேற்கே பார்த்து நின்றது. தோரணம் மறுபடி கட்டப்பட்டது. காற்று பின்பக்கத் துணியில் முட்டி, இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனது. உள்ளே விளக்கு ஆடாமல் எரிந்தது.

வாசலுக்கு நேரே மேடு. ஒரு பாதி நிழல், ஒரு பாதி செம்பு. நிழல் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

புது இலைகள் போட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் டம்ளர் வைத்தார்கள். சென்னிமலை கையைக் கழுவிவிட்டு வந்தார். சுப்பாத்தாளின் முகம் மலர்வதைப் பார்த்து, “இது மண்ணு போகறதுக்குக் கழுவுனதுங் அம்மிணி,” என்றார்.

உட்கார்ந்தார். சாதம் விழுந்தது. நெய் விழுந்தது. அவர் கை தொடையின் மேலேயே இருந்தது. அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌசிக் பரிமாறுகிற கரண்டியோடு நின்றான். பிறகு அதைப் பாத்திரத்தில் வைத்தான்.

“ஏனுங்க,” என்றாள் மயிலாத்தாள்.

“என்ன மயிலா?”

“நான் மத்தியானமே கை நனைச்சுட்டேனுங்க.”

சுப்பாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சென்னிமலை மெதுவாகத் திரும்பினார். “எங்க?”

“அடுப்படியில. உப்புப் பாத்தேன்னு சொல்லிக்கலாமுங்க. ஆனா பசிச்சுது, சாப்பிட்டேன். நல்லாவும் இருந்துது.” பிறகு, கணவர் முகத்தைப் பார்க்காமல், தன் இலையைப் பார்த்துச் சொன்னாள்: “ஊடு பாக்கறதுன்னா நான் அடுப்படியத்தானுங்க பாப்பேன். பாத்துட்டேன்.”

வனிதா அப்பாவின் கையைப் பார்த்தாள்.

சென்னிமலை மனைவியைப் பார்த்தார். சுப்பாத்தாளைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே, டென்ட்டை இழுத்துப் பிடித்து நிற்கும் கயிறுகளைப் பார்த்தார். அதில் பாதி அவர் கட்டியது. பிறகு டம்ளரை எடுத்தார். அண்ணாந்து, ஒரே மூச்சில், வந்ததிலிருந்து மறுத்த தண்ணீரையெல்லாம் குடித்தார்.

சாதத்தில் கை வைத்தார்.

மொக்கையன் ஓடிப்போய் இன்னொரு சொம்பு கொண்டுவந்தார். சுப்பாத்தாள் எழுந்து விளக்கைத் தூண்டினாள், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கௌசிக் பொரியலை இலையில் வைக்காமல் இலைக்கு வெளியே வைத்தான். “கம்பளம் போதும்னு சொல்லுதுங் தம்பி,” என்றாள் மயிலாத்தாள்.

சென்னிமலை இரண்டாம் முறை சாதம் வாங்கினார். கச்சாயத்தை மட்டும் கடைசிக்கு வைத்துச் சாப்பிட்டார். பல்லில் ஏதோ நறநறத்தது. ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார்.

சாப்பிட்டு முடித்தார். இலையை மடக்கவில்லை.

உறவு வேண்டும் என்றால் இலையைத் தன் பக்கமாக மடக்குவார்கள். சுப்பாத்தாள் அந்த இலையையே பார்த்தாள். கௌசிக்கும் பார்த்தான். அவர் எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே நிழல் மேட்டின் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

“ஒரே ஒரு பேச்சு பாக்கி இருக்குது,” என்றார். “மத்தியானம் கேட்டேன். நடுவுல இலை வந்துருச்சு. பங்குனி முடிஞ்சா டென்ட்டைப் பிரிச்சு மூட்டை கட்டிருவீங்க. சரி. சித்திரையில எம்மக எங்க இருப்பா?”

கௌசிக் முன்னால் வந்தான். “அதுக்குத்தானுங்க மாமா, நான் கோவிந்தாபுரத்துல...”

“உங்களைக் கேக்கலீங் மாப்பிள்ளை.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது போலிருந்தது. காலையிலிருந்து தம்பி, தம்பி என்றுதான் அழைத்திருந்தார். கௌசிக் அப்படியே நின்றான். மயிலாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லை.

சென்னிமலை மகளைப் பார்த்தார். “திருப்பிடலாம்னு மத்தியானம் சொன்னவளைக் கேக்கறேன். நீ சொல்லு அம்மிணி. சித்திரையில நீ எங்க இருப்பே?”

வாசல் வழியாக ஒரு சின்னக் காற்று வழி தெரியாமல் உள்ளே வந்தது. மடக்காத இலையின் நுனி லேசாக எழுந்தது. வனிதா கையை நீட்டி அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

“அப்பா,” என்றாள். “முந்தாநாள் ஜோத்பூர்லயிருந்து எனக்கு ஒரு ஃபோன் வந்துதுங்.”